மருதப்பன் எங்கே இருக்கிறார்?

பத்து மணிக்கு ஒத்திகை என்று சொல்லியிருந்தார் சூசைநாதன். பத்தேகால் ஆகியும் எட்டுப் பேர்தான் வரிசையில் நின்றார்கள். ஒன்பதாவது பெண் நிக்கோல் வரவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அந்த ஒன்பது பேருக்கும் உறுதிபூசுதல். கைக்குழந்தையாக இருந்தபோது தங்களுக்காகப் பெற்றோர் சொன்ன விசுவாசத்தைப் பதினைந்து வயதில் பிள்ளைகள் தங்கள் வாயாலேயே சொல்லும் நாள் அது. சிராங்கூன் சாலையிலிருந்து ஐந்து நிமிட நடைத் தூரத்தில் இருந்த அந்தக் கத்தோலிக்க தேவாலயத்தில், சனிக்கிழமைதோறும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி வகுப்பு எடுத்துவந்தார் சூசைநாதன். முப்பத்தோரு வருடமாகிவிட்டது. தஞ்சோங் பகார் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர், வயது அறுபத்தெட்டு. ஒத்திகைக்கு ஒரு பிள்ளை தாமதமாக வந்தால்கூட முகம் சுளிப்பவர், அன்று சுளிக்கவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கைப்பேசி ஒலித்தது. நிக்கோலின் அம்மா உர்சுலா.

"அங்கிள், நிக்கோல்கிட்ட போனைக் குடுக்குறீங்களா? அவ போன் சுவிட்ச் ஆஃப்ல இருக்கு."

"இன்னும் வரலையேம்மா."

"என்ன அங்கிள் சொல்றீங்க? எட்டு மணிக்கே கிளம்பிட்டாளே! கோவிலுக்குப் போறேன்னு சொல்லிட்டுத்தான் போனா."

சூசைநாதன் கைப்பேசியை மூடியபோது, பக்கத்தில் நின்ற டானியலா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்தைந்து வயதுப் பெண். பாலர் பள்ளி ஆசிரியை. இரண்டு வருடமாக அவருக்கு வகுப்பில் உதவியாக இருப்பவள். அவள் எதுவும் கேட்கவில்லை. கேட்காததுதான் அவருக்கு உறுத்தியது. போன சனிக்கிழமை வகுப்பில் நடந்தது அவளுக்கும் தெரியும்.

நிக்கோலின் தாத்தா மருதப்பன் இறந்து ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. அப்பா வழித் தாத்தா, இந்து. போன சனிக்கிழமை வகுப்பு முடியப்போகும் நேரத்தில் நிக்கோல் கையைத் தூக்கினாள்.

"அங்கிள், எங்க தாத்தா இப்ப எங்க இருக்காரு?"

சூசைநாதனுக்கு மருதப்பனை நன்றாகத் தெரியும். துறைமுகத்தில் பதினெட்டு வருடம் ஒரே ஷிப்டில் வேலை பார்த்தவர்கள். தெரிந்த மனிதரைப் பற்றிய கேள்வி என்பதாலேயே அவர் கொஞ்சம் தடுமாறினார். தடுமாறியவர், சின்ன வயதில் மனப்பாடம் செய்த பதிலைப் பிடித்துக்கொண்டார்.

"ஞானஸ்நானம் வாங்காதவங்களுக்கு மோட்சம் இல்லைன்னுதான்மா நாங்க படிச்சோம். நீ அவருக்காக வேண்டிக்கோ."

"வேண்டிக்கிட்டா வெளிய விட்டுருவாங்களா?"

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அடுத்த பக்கத்தைத் திருப்புங்க" என்றார்.

அவ்வளவுதான் நடந்தது. ஒரு வாரமாக அதை நினைக்காமல் இருக்கப் பார்த்தார். முடியவில்லை.

இருபது நிமிடத்தில் உர்சுலா டாக்ஸியில் வந்து இறங்கினாள். பின்னாலேயே அவள் கணவன் ஆதவன் வேலைச் சீருடையோடு வந்தான். மின்தூக்கிகளைப் பழுதுபார்ப்பவன், பாதி வேலையில் வேனை எடுத்துக்கொண்டு வந்திருந்தான். கைகளில் இன்னும் கிரீஸ் இருந்தது. கல்யாணத்துக்கும் பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கும் தவிர அந்த வளாகத்துக்குள் அவன் வந்ததில்லை.

"கூட்டாளிங்க எல்லாருக்கும் போன் பண்ணியாச்சு, யாருக்கும் தெரியல" என்றாள் உர்சுலா. "ஒரு வாரமாவே சரியா சாப்பிடல. எக்ஸாம் டென்ஷன்னு நெனச்சேன்."

ஆதவன் சூசைநாதனிடம் திரும்பினான். "அங்கிள், கிளாஸ்ல ஏதாச்சும் நடந்துச்சா? அவ ஏதாச்சும் சொன்னாளா?"

"ஒண்ணும் சொல்லலையேப்பா."

வாயிலிருந்து அது தானாக வந்துவிட்டது. முப்பத்தோரு வருடமாகப் பொய் சொல்லாதே என்று பிள்ளைகளுக்குக் கற்பித்த வாய்.

டானியலா அவர் அருகில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி சொன்னாள். "அங்கிள், நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

குரலில் கோபம் இல்லை. விட்டுக்கொடுக்கும் உத்தேசமும் இல்லை.

சூசைநாதன் மண்டபத்தின் ஓரமாக ஆதவனை அழைத்துப்போய்ச் சொன்னார். ஒரு வார்த்தையைக்கூட மாற்றவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்ததையும் சொன்னார். உர்சுலா பின்னாலேயே வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்டு முடித்ததும் அவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

ஆதவன் கையிலிருந்த கிரீஸைச் சீருடையில் துடைத்தான். பிறகு மெதுவாகக் கேட்டான். "எங்கப்பா எங்க இருக்காருன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்களா, அங்கிள்?"

"நான் படிச்சதைத்தான்..."

"இப்ப அதுக்கு நேரம் இல்ல." அவன் மனைவியிடம் திரும்பினான். "கிளம்புறப்ப அவ என்ன சொன்னா? சரியா சொல்லு, அவ சொன்ன மாதிரியே சொல்லு."

"கோவிலுக்குப் போறேம்மான்னா."

"கோவில்னா சொன்னா?"

"ஆமா."

"அவ என்னிக்கு உர்சு கோவில்னு சொல்லியிருக்கா? சர்ச்சுன்னுதானே சொல்லுவா?"

உர்சுலா அவனை நிமிர்ந்து பார்த்தாள். சூசைநாதனுக்கும் அப்போதுதான் உறைத்தது. அவர் தலைமுறைக் கத்தோலிக்கர்களுக்கு மாதா கோவிலும் கோவில்தான். அதனால் அந்தச் சொல் அவர் காதில் வித்தியாசமாக விழவே இல்லை.

"கேலாங் சிவன் கோவில்" என்றான் ஆதவன். "அப்பா அவளை அங்கதான் கூட்டிட்டுப் போவாரு. இல்லன்னா சாங்கி. சாம்பலைக் கரைச்சது அங்கதான்."

சாங்கி என்றதும் மூவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் தரையைப் பார்த்தார்கள். கடலை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

உர்சுலாவின் அண்ணன் சாங்கிக்குக் காரில் விரைந்தார். மகள் வீட்டுக்குத் திரும்பினாலும் திரும்பலாம் என்று உர்சுலா வீட்டுக்குப் போனாள். ஆதவன் வேனைக் கிளப்பினான். சூசைநாதன் கேட்காமலேயே பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். இறங்கச் சொல்வான் என்று எதிர்பார்த்தார். அவன் சொல்லவில்லை.

சனிக்கிழமை நெரிசல். ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் ஆதவனின் விரல்கள் ஸ்டியரிங்கைத் தட்டின.

"கல்யாணத்தப்ப, பிள்ளைங்களைக் கிறிஸ்தவங்களா வளப்பேன்னு உர்சுலா எழுதிக் குடுத்தா. நான் பக்கத்துல உக்காந்து தலையாட்டினேன். எங்கம்மா ஒரு வாரம் பேசல. அப்பாதான் சொன்னாரு, வாக்குன்னா வாக்குதான்டான்னு." அவன் சாலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "ஒவ்வொரு சனிக்கிழமையும் அவளை உங்க கிளாஸுக்குக் கொண்டுவந்து விட்டது யாரு அங்கிள்?"

"மருதப்பன்தான்."

"எத்தனை வருஷம்?"

"எட்டு வருஷம்." வகுப்பு முடியும்வரை மருதப்பன் வளாகத்து மரத்தடியில் தமிழ் முரசு படித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மழை வந்தால் மாதா சிலை இருக்கும் கெபிக்குள் ஒதுங்குவார். ஒருநாள்கூட, சீக்கிரம் விடுங்கப்பா என்று சொன்னதில்லை.

"எங்க வீட்டுக்காரி தவறினப்ப பெட்டிக்கு முன்பக்கம் தோள் குடுத்தது உங்கப்பா" என்றார் சூசைநாதன். "அவருக்கு வாய்க்கரிசி போடக் கூப்பிட்டப்ப நான் ஒதுங்கி நின்னேன்."

"பாத்தேன்."

ஆதவன் வேனைக் கேலாங் கிழக்குக்குத் திருப்பினான். வழியில் ஒருமுறை அவன் கைப்பேசி ஒலித்தது. உர்சுலாவின் அண்ணன். கடற்கரையில் பாதி தூரம் நடந்துவிட்டாராம். அவள் இல்லையாம். இன்னும் பார்க்கிறாராம்.

கோவிலருகே வேனை நிறுத்த இடமில்லை. "நீங்க இறங்கிப் பாருங்க. நடை சாத்துற நேரம். வண்டியைப் போட்டுட்டு வரேன்" என்று சொல்லி ஆதவன் அவரை வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டான்.

சூசைநாதன் அங்கேயே நின்றார். வாழ்நாளில் அவர் ஒரு இந்துக் கோவிலுக்குள் கால் வைத்ததில்லை. தைப்பூசத்தின்போது கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு வேறு வழியில் போகிறவர். பிள்ளைகளுக்கும் அதையேதான் சொல்லியிருந்தார். தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று கண்கள் தாமாகச் சாலையைத் தேடின. ஒரு பிள்ளையைக் காணவில்லை, நீ யார் பார்க்கிறார்கள் என்று பார்க்கிறாயா என்று தன்னையே திட்டிக்கொண்டார். காலணியைக் கழற்றி, குழாயில் காலை நனைத்துக்கொண்டு உள்ளே போனார்.

அலுவலகச் சன்னலுக்குப் பின்னால் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் ரசீதுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். லட்சுமி என்று மேசையில் பெயர் எழுதியிருந்தது. சூசைநாதன் கேள்வியை முடிப்பதற்குள் அவர் எழுந்துவிட்டார்.

"பதினஞ்சு வயசு, கண்ணாடி போட்ட பொண்ணுதானே? நீங்க யாரு அதுக்கு?"

"கிளாஸ் வாத்தியார். அவங்கப்பா வண்டியை நிறுத்தப் போயிருக்காரு."

"காலையில இருந்து இங்கதான் இருக்கு. தாத்தாவுக்கு மோட்ச விளக்கு ஏத்தணும்னு கேட்டுச்சு. சாயங்காலம்தான்மா, பெரியவங்களோட வான்னு சொன்னேன். போகவே மாட்டேங்குது. அப்பா நம்பர் கேட்டா குடுக்கல. என் தாத்தா மோட்சத்துல இல்லையாம் ஆன்ட்டின்னு ஒரே அழுகை." லட்சுமி அவரை மேலும் கீழும் பார்த்தார். "சின்னப் பிள்ளைக்கிட்ட எவன் சார் இப்படிச் சொன்னான்?"

"நான்தான்மா" என்றார் சூசைநாதன்.

லட்சுமி கையை மட்டும் நீட்டிக் காட்டினார்.

உள்மண்டபத்தின் கோடியில், ஒரு தூணுக்குப் பக்கத்தில் நிக்கோல் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முன்னால் தொடாத உணவுத் தட்டு. அவரைப் பார்த்ததும் அவள் சுவரோடு ஒண்டிக்கொண்டாள். அவர் அவளுக்குச் சற்றுத் தள்ளித் தரையில் உட்கார்ந்தார்.

"ஏன் வந்தீங்க?"

"எல்லாரும் உன்னைத் தேடுறோம்மா. உங்க மாமா சாங்கி பீச்சுல தேடிட்டு இருக்காரு."

"பீச்சா? ஏன் பீச்?" கேட்டவள், சட்டென்று புரிந்துகொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "நான் அப்படியெல்லாம் பண்ணமாட்டேன்."

"நிக்கோல், போன வாரம் நான் சொன்னது தப்பு."

"எது தப்பு? வகுப்புல சொன்னதா, இல்ல அந்த விஷயமே தப்பா?" கண்ணீர் காய்ந்த கண்களால் அவரை நேராகப் பார்த்தாள். "ஸாரி சொல்றதுக்காகச் சும்மா சொல்லாதீங்க அங்கிள். ஐ வான்ட் டு நோ."

அவர் யோசித்தார். சமாதானமாக நாலு வார்த்தை சொல்லி அவளைக் கூட்டிப்போய்விடலாம். மறுநாள் விழா தடையில்லாமல் நடக்கும். அந்த வார்த்தைகள் நாக்கு நுனிவரை வந்தன.

"எனக்குத் தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொன்னேன். உங்க தாத்தா மாதிரி ஒரு மனுஷனைக் கடவுள் தள்ளிருவாருன்னு நான் ஒருநாளும் மனசார நம்பினதில்ல. புக்குல இருந்தது, வாய் சொல்லிடுச்சு."

"அப்ப தாத்தா எங்க?"

"தெரியாதும்மா. நல்ல இடத்துலதான் இருப்பாருன்னு நம்புறேன். ஆனா தெரியும்னு சொன்னா, மறுபடியும் அதே தப்பு."

நிக்கோல் தட்டைத் தள்ளி வைத்தாள். "எல்லாரும் சிரிச்சாங்க" என்றாள். "எட்டுப் பேர் முன்னாடி சொன்னீங்க. இங்க வந்து எங்கிட்ட மட்டும் சொல்றீங்க."

அதற்கு அவர் பதில் சொல்வதற்குள் ஆதவன் வந்துவிட்டான். அப்பாவைக் கண்டதும்தான் அவள் குலுங்கிக் குலுங்கி அழுதாள். கிரீஸ் கறை படிந்த கையை அவள் தலையில் வைத்தபடி அவன் அப்படியே நின்றான். அப்பாவும் மகளும் மாலைவரை இருந்து விளக்கேற்றிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவதென்று முடிவாயிற்று. உர்சுலாவும் வந்து சேர்ந்துகொள்வதாகச் சொன்னாள்.

சூசைநாதன் எம்ஆர்டி ரயில் பிடித்து நேராகப் பங்குத்தந்தையிடம் போனார். ஃபாதர் கீத் நாற்பதைத் தாண்டாதவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அங்கிள், திருச்சபை இதை மாத்திச் சொல்லி அறுபது வருஷத்துக்கு மேல ஆச்சு. தன் மனசாட்சிப்படி நல்லா வாழ்ந்தவங்களுக்கும் மீட்பு உண்டுன்னு அப்பவே எழுதி வெச்சாச்சு."

சூசைநாதனுக்கு முகம் சிவந்தது. "அப்ப ஏன் ஃபாதர் ஒருத்தரும் எங்களுக்குச் சொல்லல? முப்பத்தோரு வருஷமா நான் அந்த வகுப்புல என்ன சொல்லித் தரேன்னு யாராவது கேட்டீங்களா?"

ஃபாதர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "பிரசங்கத்துல சொன்னா நாலு பேர் எழுந்து சண்டைக்கு வருவாங்க. அதுக்குப் பயந்து நானும் சொல்லல" என்றார். "அது என் தப்புதான்."

"நாளைக்கு நான் சொல்லப்போறேன். பூசைக்கு முன்னாடி, பிள்ளைங்க, பெத்தவங்க எல்லார் முன்னாடியும்."

"விழா நாள்ல வேண்டாமே அங்கிள். அடுத்த வாரம்..."

"அடுத்த வாரம் அந்தப் பொண்ணு வராது ஃபாதர்."

ஞாயிறு காலை மண்டபம் நிறைந்திருந்தது. எட்டுப் பிள்ளைகள் வெள்ளை உடையில் உட்கார்ந்திருந்தார்கள். சூசைநாதன் இரவு போன் செய்து அழைத்திருந்ததால் வந்த நிக்கோல், சாதாரண உடையில், அப்பா அம்மாவுக்கு நடுவில், வாசல் பக்கமாக நின்றாள். ஃபாதர் கீத் ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சூசைநாதன் குறிப்பு எதுவும் எழுதி வைத்துக்கொள்ளவில்லை.

"போன வாரம் இந்த வகுப்புல நிக்கோல் ஒரு கேள்வி கேட்டா. நான் சொன்ன பதில் தப்பு. ஞானஸ்நானம் வாங்காதவங்களுக்கு மோட்சம் இல்லைன்னு சொல்ல எனக்கு எந்த அதிகாரமும் இல்ல. நம்ம சபையும் இப்ப அப்படிச் சொல்லல. மருதப்பன் என் நண்பர். அவர் பேத்திகிட்ட அப்படிச் சொன்னதுக்கு, நான் உங்க எல்லார் முன்னாடியும் அவகிட்ட மன்னிப்புக் கேக்குறேன்."

நிக்கோல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது வரிசையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. எழுந்தவர் சிதம்பரம். தோ பாயோக்காரர்; இருபத்தைந்து வயதில் மதம் மாறி ஞானஸ்நானம் வாங்கியவர்; எட்டுப் பேரில் ஒருவனான ஜெய்யின் அப்பா. அவருக்கு ஞானத்தந்தையாக நின்றதே சூசைநாதன்தான்.

"அண்ணே, எனக்கு ஒண்ணு சொல்லுங்க" என்றார் சிதம்பரம். "எங்கம்மா போனப்ப நான் கொள்ளி வைக்கல. என் தம்பிங்க கால்ல விழாத குறையா கூப்பிட்டாங்க. அந்தச் சடங்கெல்லாம் செஞ்சா விசுவாசம் போயிரும்னு சொன்னது நீங்க. பதினாறு வருஷமா என் தம்பிங்க என்கூடப் பேசறதில்ல. இப்ப வந்து, எல்லாரும் மோட்சத்துக்குப் போகலாம்னா, நான் எதுக்குண்ணே அதையெல்லாம் விட்டேன்?"

சூசைநாதன் வாயைத் திறந்தார். ஃபாதர் கீத் ஓரடி முன்னால் வந்தார். பூசைக்கு மணி அடித்தது. சிதம்பரம் பதிலுக்குக் காத்திராமல் மகனின் கையைப் பிடித்துக்கொண்டு முதல் ஆளாகப் பூசைக்குப் போய்விட்டார்.

அன்று எட்டுப் பேருக்கு உறுதிபூசுதல் நடந்தது. நிக்கோல் கடைசி வரிசையில் அப்பாவோடு உட்கார்ந்திருந்தாள். பூசை முடிந்ததும் சூசைநாதனிடம் வந்து, "தேங்க்ஸ் அங்கிள்" என்றாள். "அடுத்த வருஷம் உறுதிபூசுதல் வாங்குவேனா, மாட்டேனான்னு இப்ப சொல்லமுடியாது. ஆனா கிளாஸுக்கு வரேன், கேள்வி கேக்கவிட்டா." தான் விலகிக்கொள்வதாகவும், இனிமேல் வகுப்பை டானியலா எடுப்பாள், அவளிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம் என்றும் சொன்னார் சூசைநாதன். இரண்டு குடும்பங்கள் ஃபாதரிடம் புகார் கொடுத்தன. ஒரு குடும்பம் வேறு பங்குக் கோவிலுக்குப் போய்விட்டது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சூசைநாதன் தோ பாயோவில் சிதம்பரத்தின் வீட்டு மணியை அழுத்தினார். இரண்டு நாளாக எழுதிப் பார்த்த பதில்கள் எதுவும் அவருக்கே பிடிக்கவில்லை. இரும்புக் கிராதிக்கு அந்தப் பக்கம் சிதம்பரம் வந்து நின்றார்.

"பதில் கொண்டு வந்தீங்களா?"

"இல்ல."

"அப்புறம் எதுக்கு வந்தீங்க?"

"உங்கம்மாவுக்கு நீ செஞ்சிருக்கணும், சிதம்பரம். செய்யவிடாம பண்ணினவன் நான். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

சிதம்பரம் கிராதியைப் பிடித்தபடி நின்றார். ஏதோ கடுமையாகச் சொல்லப்போகிறவர்போல மூச்சை இழுத்தார். நடைபாதையில் பக்கத்து வீட்டுக்காரி மைமூன் பையோடு கடந்து போனபோது இருவரும் அவளுக்குத் தலையசைத்தார்கள். அவள் கதவு சாத்தும் சத்தம் கேட்டபிறகு சிதம்பரம் சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தார்.

"எங்கம்மாவை நீங்க பாத்ததே இல்லைல்ல?" என்றார்.

"இல்ல."

"பாத்திருந்தா அப்படிச் சொல்லியிருக்க மாட்டீங்க. உக்காருங்க."

சூசைநாதன் உட்கார்ந்தார். சிதம்பரம் எதிரே உட்கார்ந்து, கடைசியாகத் தன் அம்மா தன்னிடம் என்ன சொன்னாள் என்பதிலிருந்து பேசத் தொடங்கினார். பேச்சின் நடுவில் இரண்டு தடவை குரல் உயர்ந்தது, ஒரு தடவை மேசையைத் தட்டினார். சூசைநாதன் குறுக்கே ஒரு வார்த்தையும் பேசவில்லை.